வடசென்னையிலிருந்து வெளிநாட்டு மாநாட்டுக்கு: முதல்முறை கட்டுரை வாசிக்கப் போகிறவர்களுக்கு வரிசைப்படி ஒரு வழிகாட்டி

"ஒரு இன்டர்நேஷனல் கான்ஃபரன்ஸ்ல பேப்பர் பண்ணிடுங்க" என்று நெறியாளர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த வரிக்குப் பின்னால் பாஸ்போர்ட், வங்கி, கல்லூரி அலுவலகம், மானியக் குழு, விசா மையம் என்று பல வாசல்கள் இருக்கின்றன. ஒரு வாசலில் நின்றால் அடுத்த வாசலின் காகிதத்தைக் கேட்பார்கள். விசாவுக்கு அழைப்புக் கடிதம் வேண்டும். பதிவுக் கட்டணம் கட்டாமல் அழைப்புக் கடிதம் வராது. மானியத்துக்கு ஏற்புக் கடிதம் வேண்டும். மானியம் வருமா வராதா என்று தெரிவதற்குள் முன்கூட்டிப் பதிவு செய்பவர்களுக்கான சலுகைக் கட்டணத் தேதி முடிந்துவிடும். இந்தச் சிக்கலில் எதை முதலில் அவிழ்ப்பது என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, ராயபுரம் பக்கம் வணிகவியல், மேலாண்மை, ஆங்கிலம் படித்து, வணிகத் தொடர்பில் ஆய்வு செய்யும் பலரும் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள்.

மாநாட்டுத் தேதியிலிருந்து பின்னோக்கி ஒன்பது மாதம் எண்ணுங்கள். அங்கே தொடங்க வேண்டும்.

1. பாஸ்போர்ட்டும் பெயரும்

பாஸ்போர்ட் இல்லையென்றால் வேறெதையும் தொடாமல் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய், 60 பக்கம் 2,000 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2,000. சென்னையில் பாஸ்போர்ட் சேவா கேந்திரங்கள் அமைந்தகரை, சாலிகிராமம், தாம்பரத்தில் இருக்கின்றன. நமக்கு அமைந்தகரைதான் பக்கம். மெட்ரோவில் சென்ட்ரல் வந்து பச்சை வழித்தடத்துக்கு மாறி, ஷெனாய் நகரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரில் இப்போதைய முகவரியை மாற்றிவிடுங்கள். காவல் நிலையத்திலிருந்து விசாரிக்க வரும்போது பழைய வீட்டில் போய் நின்றால் கோப்பு அப்படியே தூங்கும். அந்த விசாரணைக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

பாஸ்போர்ட் கையில் இருப்பவர்கள் அதைத் திறந்து பெயரைப் பாருங்கள். நம் ஊர்க்காரர்கள் சறுக்கும் இடம் இதுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். சிலருடைய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், சிலருக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். மாநாட்டுப் பதிவுப் படிவமோ கடைசிப் பெயரைப் போடாமல் நகராது. அவசரத்தில் இனிஷியலைப் போட்டுவிடுவீர்கள். ஏற்புக் கடிதம் ஒரு பெயரில், அழைப்புக் கடிதம் இன்னொரு பெயரில், பாஸ்போர்ட் மூன்றாவது பெயரில் என்று விசா மேசைக்கு மூன்று ஆட்களாகப் போய் நிற்பீர்கள். மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பும் நாளிலிருந்தே பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே பயன்படுத்துங்கள். ஆய்வுக் கட்டுரையில் வேறு வடிவம் வேண்டுமென்றால் அதை ஆசிரியர் பெயர் வரும் இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்கள் போகும் நாட்டின் விதியை முன்கூட்டியே பார்க்க வேண்டும். அமெரிக்க விசா படிவத்தில் இருக்கும் ஒரே பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு', அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று நிரப்பச் சொல்வார்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட் விஷயத்தில் ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து கெடுபிடி காட்டுகிறது. துபாயில் மாநாடு என்றால் இதை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். மறுவெளியீட்டில் பெயரைச் சரிசெய்யலாம், அதற்கும் அதே 1,500 ரூபாய்தான். ஆனால் விசா வாங்கிய பிறகு அதைச் செய்யாதீர்கள்.

செல்லுபடித் தேதியையும் பாருங்கள். ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்கு, அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கொடுத்து 10 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டு பக்கம் காலியாக வேண்டும். 6 மாதம் மிச்சம் இருந்தால் எந்த நாட்டுக்கும் நிம்மதி.

2. மாநாடு நிஜம்தானா?

உங்கள் மின்னஞ்சலுக்கு வாரம் இரண்டு அழைப்பு வரும். "மதிப்பிற்குரிய டாக்டர்" என்று இருக்கும். நீங்கள் இன்னும் கோர்ஸ் ஒர்க்கே முடித்திருக்க மாட்டீர்கள். பொறியியல், மருத்துவம், மேலாண்மை, இலக்கியம் எல்லாம் ஒரே அரங்கில், ஒரே நாளில். சுருக்கம் அனுப்பிய இரண்டாம் நாள் ஏற்பு. கட்டணம் மட்டும் உடனே. இவை கடை விரித்திருப்பவை, பக்கத்தில் போகாதீர்கள்.

நல்ல மாநாட்டைக் கண்டுபிடிக்கத் தலைகீழாகப் போங்கள். நீங்கள் படித்து மேற்கோள் காட்டும் ஆய்வாளர்கள் எங்கே கூடுகிறார்கள் என்று பாருங்கள். வணிகத் தொடர்புத் துறையில் பழைய அமைப்பு அமெரிக்காவைத் தளமாகக் கொண்ட அசோசியேஷன் ஃபார் பிசினஸ் கம்யூனிகேஷன். அவர்களுடைய ஆண்டு மாநாடு பொதுவாக அக்டோபர் வாக்கில் நடக்கும். ஐரோப்பா, ஆசிய பசிபிக் பகுதிகளுக்கென்று தனிக் கூட்டங்களும் உண்டு. இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் பிசினஸ் கம்யூனிகேஷன் அவர்களுடைய ஆய்விதழ்தான். முதல்முறை போகிறவர்கள் ஆசியக் கூட்டத்தில் தொடங்குங்கள் என்பது என் கருத்து. விமானச் செலவு பாதியாகக் குறையும், கேள்வி கேட்பவர்களும் நம் சூழலைக் கொஞ்சம் அறிந்திருப்பார்கள்.

"ஸ்கோபஸில் வரும்" என்ற வாக்குறுதியை மட்டும் நம்பிப் பணம் கட்டக் கூடாது. ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களையும் மாநாட்டுத் தொகுப்புகளையும் பதிந்து வைக்கும் சர்வதேசத் தரவுத்தளம், அதன் பட்டியலைக் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். போன ஆண்டின் தொகுப்பு அதில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். "யுஜிசி கேர் அங்கீகாரம்" என்று இன்னும் விளம்பரம் செய்கிறவர்களிடம் இரட்டிப்புக் கவனம் தேவை. அது பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, வைத்திருந்த ஆய்விதழ்ப் பட்டியல். அந்தப் பட்டியலையே யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. பிஎச்.டி.க்கு மாநாட்டுக் கட்டுரை கட்டாயம் என்ற நிபந்தனையும் யுஜிசியின் 2022 விதிமுறைகளில் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக ஏதாவது வைத்திருக்கிறதா என்று ஆராய்ச்சிப் பிரிவில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டாயம் இல்லாத ஒன்றுக்காகக் கடன் வாங்கியவர்கள் உண்டு.

3. சுருக்கம்: உங்கள் தெருவிலேயே தரவு இருக்கிறது

நம் பக்கத்து ஆய்வாளர்கள் பெரும்பாலும் அனுப்பும் தலைப்பு "உலகமயமாதல் காலத்தில் வணிகத் தொடர்பின் முக்கியத்துவம்" என்ற ரகம். மதிப்பீட்டாளர் அதை முதல் வரியோடு மூடிவிடுவார். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியதை நீங்கள் எழுத, அவர் எதற்கு உங்களைக் கூப்பிட வேண்டும்?

ராஜாஜி சாலையில் கஸ்டம்ஸ் ஹவுஸ் வாசலில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். தம்பு செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் மாடி மாடியாக கிளியரிங் ஆபீஸ்கள், அதாவது சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துத் தருபவர்கள். அங்கே பிளஸ் டூ முடித்த பையன் சிங்கப்பூர் லைனருக்கு, அதாவது கப்பல் கம்பெனிக்கு, ஆங்கிலத்தில் மெயில் அடிக்கிறான், டிரைவரிடம் தமிழில் கத்துகிறான், மும்பைக்காரரோடு இந்தியில் சமாளிக்கிறான், எல்லாவற்றுக்கும் நடுவில் வாட்ஸப்பில் படம் அனுப்புகிறான். வெளிநாட்டு ஆய்வாளர் வருடக்கணக்கில் அனுமதி கேட்டாலும் கிடைக்காத களம் இது. காசிமேட்டு மீன் ஏற்றுமதி, மணலி, திருவொற்றியூர் சரக்குப் பெட்டக நிலையங்கள், எண்ணூரில் காமராசர் துறைமுகம் என்று எல்லாமே நம் பஸ் ரூட்டில் இருக்கிறது.

ஒரு உதாரணம். இறக்குமதியாளர் "14 ஃப்ரீ டேஸ்", அதாவது கட்டணம் இல்லாத 14 நாள், என்று மெயிலில் கேட்கிறார், லைனர் ஆபீஸ் "ஓகே" என்கிறது. சரக்குப் பெட்டி துறைமுக முனையத்துக்குள் கிடக்கும் நாளுக்கு வரும் கட்டணம் டெமரேஜ். வெளியே எடுத்த பின் காலிப் பெட்டியைத் திருப்ப நேரமானால் வரும் கட்டணம் டிடென்ஷன். அந்தப் பதினான்கு நாள் இரண்டுக்கும் சேர்த்தா, தனித்தனியா? கேட்டவர் ஒன்று நினைத்திருப்பார், ஒப்புக்கொண்டவர் வேறு நினைத்திருப்பார். பில் வரும்போதுதான் தெரியும். இப்படி ஒரு மெயில் தொடரை வைத்து, எந்தச் சொல்லில் புரிதல் பிரிந்தது, யார் அதைச் சரிசெய்தார், எப்படிச் சரிசெய்தார் என்று காட்டினால் அது ஹாம்பர்க் துறைமுகக்காரருக்கும் வேண்டும், பூசான் துறைமுகக்காரருக்கும் வேண்டும்.

சுருக்கத்தில் ஐந்து விஷயம் வந்தால் போதும். என்ன கேள்வி, எங்கிருந்து தரவு, எப்படிப் பகுத்தீர்கள், இதுவரை என்ன தெரிந்தது, வேறு நாட்டில் இருப்பவர் இதை ஏன் கேட்க வேண்டும். கடைசி விஷயத்தைத்தான் நாம் எல்லோரும் விட்டுவிடுகிறோம். சொல் வரம்பு 300 என்றால் 300. பெயர் மறைத்து மதிப்பிடும் மாநாடென்றால் கல்லூரிப் பெயர், பெயர் தாங்கிய மேற்கோள் மட்டுமல்ல, வேர்டு கோப்பின் பண்புகளில் பதிந்திருக்கும் உங்கள் பெயரையும் அழித்துவிட்டு அனுப்புங்கள்.

அனுமதி இல்லாமல் யாருடைய மெயிலையும் எடுக்காதீர்கள். ஆபீஸ் முதலாளியிடம் ஒரு பக்க ஒப்புதல் கடிதம், ஊழியர்களுக்குத் தமிழில் ஒரு ஒப்புதல் படிவம். கம்பெனி பெயர், பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) எண், பெட்டி எண், ரேட் எல்லாவற்றையும் மறைத்துவிட வேண்டும். உங்கள் கல்லூரியில் ஆய்வு நெறிக் குழு இருந்தால் தரவு சேகரிக்கும் முன்பே அனுமதி வாங்கி வையுங்கள். முழுக் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பும்போது அந்த அனுமதி எண்ணைக் கேட்பார்கள், பின்தேதியிட்டு யாரும் தரமாட்டார்கள்.

4. பணம் யார் தருவார்?

ஏற்புக் கடிதம் வந்த அன்றைக்கே மானிய விண்ணப்பம் போக வேண்டும். சமூக அறிவியல், வணிகவியல், மேலாண்மைக்காரர்களுக்கு இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐசிஎஸ்எஸ்ஆர், வெளிநாட்டு மாநாட்டுக்கான பயண உதவி தருவதுண்டு. முன்பு எஸ்இஆர்பி என்று இருந்து இப்போது ஏஎன்ஆர்எஃப் ஆகியிருக்கும் அமைப்பின் பயண உதவி அறிவியல், பொறியியல்காரர்களுக்கு. அதில் விண்ணப்பித்து வாரங்களை வீணாக்க வேண்டாம். மாநாடு நடத்துபவர்களிடமும் கேளுங்கள். வளரும் நாட்டு ஆய்வாளருக்கும் மாணவர்களுக்கும் கட்டணக் குறைப்பு வைத்திருப்பார்கள், ஆனால் கேட்காமல் தரமாட்டார்கள். உலக வங்கியின் பட்டியலில் இந்தியா கீழ் நடுத்தர வருமான நாடு. மின்னஞ்சலில் அந்த ஒரு வரியை எழுதலாம்.

மானியம் பெரும்பாலும் போய்வந்த பிறகு, ரசீதைக் காட்டினால்தான் கிடைக்கும். ஆக முதலில் உங்கள் கைக்காசுதான். இதைச் சொல்லாமலே "எல்லாம் ஃபண்டிங் வரும்" என்று உற்சாகப்படுத்துகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. முழுத் தொகையும் மூன்று மாதம் வெளியே நின்றால் வீடு தாங்குமா என்று கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். தாங்காதென்றால் இணையவழியில் வாசிக்க வாய்ப்பிருக்கிறதா என்று கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

5. பதிவுக் கட்டணம்

உங்கள் டெபிட் கார்டு வெளிநாட்டுத் தளத்தில் வேலை செய்யாமல் போகலாம். 2020 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்திருக்கும். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி, வரம்பை உயர்த்தி வையுங்கள். டாலர் மதிப்புக்கு மேல் கார்டு நிறுவனத்தின் மார்க்அப் என்ற கூடுதல் கட்டணம், வழக்கமாக 2 முதல் 3.5 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி. வங்கிக் கிளை வழியாக அனுப்பினால் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம், பான், மாநாட்டு இன்வாய்ஸ் வேண்டும். டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே வசூலிக்கும் வரி, பிடிப்பார்கள் என்று யாராவது பயமுறுத்தினால், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் தாண்டினால்தான் அந்தப் பேச்சே.

கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். விசா மறுத்தால் பணம் திரும்புமா? எத்தனை சதவீதம்? எந்தத் தேதி வரை? பதில் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். சலுகை முடியும் நேரத்தையும் பாருங்கள். அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை நள்ளிரவு என்பது நமக்கு மறுநாள் காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை.

6. கல்லூரிக் காகிதங்கள்

ஆய்வாளர் என்றால் துறைத் தலைவர் கையெழுத்திட்ட போனஃபைடு சான்றிதழும் நெறியாளர் கடிதமும். தனியார், உதவிபெறும் கல்லூரி ஆசிரியர் என்றால் விடுப்பு அனுமதியும் என்ஓசி எனும் தடையில்லாச் சான்றும். அரசுக் கல்லூரி ஆசிரியருக்கு என்ஓசி மேலிடம் வரை போய் வர வேண்டும், அதற்கே மாதங்கள் ஆகலாம். விண்ணப்பத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள். கோப்பு ஒரு மேசையில் தங்கிவிட்டால் காட்ட அந்த ஒரு தாள்தான். கடிதத்தில் பதவி, சேர்ந்த தேதி, மாநாட்டின் பெயர், நாள், செலவு யாருடையது, திரும்பி வந்து பணியில் சேரும் தேதி எல்லாம் இருக்கட்டும். விசா அதிகாரி தேடுவது கடைசியில் சொன்னதைத்தான்.

7. விசா

ஐரோப்பிய மாநாடென்றால் ஷெங்கன் விசா. அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து போடலாம், 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் போட முடியாது. முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், 45 நாள் வரை இழுக்கவும் விதி இடம் தருகிறது. கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தால் எதுவும் திரும்பாது. மையத்தில் எஸ்எம்எஸ், கூரியர், தனி அறை என்று அடுக்குவார்கள். அவை கட்டாயம் இல்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

அமெரிக்கா என்றால் டிஎஸ்-160 என்ற இணையவழி விசா படிவம், 185 டாலர், பிறகு அண்ணா சாலை ஜெமினி பாலத்தருகே இருக்கும் துணைத் தூதரகத்தில் நேர்காணல். நேர்காணலுக்கான காத்திருப்புதான் இதில் எதிரி. ஏற்புக் கடிதம் வந்ததும் முதல் வேலையாகத் தேதி பாருங்கள். உங்கள் ஆய்வு என்னவென்று இரண்டே வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள். கோட்பாட்டுச் சொல் ஒன்றும் வேண்டாம். "துறைமுகத்தில் வேலை செய்பவர்கள் வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதும் மெயில்களை ஆராய்கிறேன்" என்றால் யாருக்கும் புரியும்.

பண ஆவணத்தில் நம் ஆட்கள் செய்யும் ஒரு வேலை இருக்கிறது. நகையை அடகு வைத்து அல்லது சீட்டை எடுத்து, விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் கணக்கில் மூன்று லட்சம் போடுவது. அதுவரை எட்டாயிரம் இருந்த கணக்கில் திடீரென்று முளைத்த தொகை உங்களுக்கு எதிராகத்தான் பேசும். அதைவிட அப்பாவோ அண்ணனோ செலவை ஏற்பதாகக் கடிதம் கொடுத்து, அவர்களுடைய 6 மாத வங்கிக் கணக்கு, வருமான வரித் தாக்கல், உறவைக் காட்டும் ஆவணம் மூன்றையும் இணைப்பது நேர்மையானது, வலுவானதும்கூட. ஸ்டேட்மென்டை வங்கிக் கிளையில் முத்திரையும் கையெழுத்தும் போட்டு வாங்குங்கள்.

போட்டோ எடுக்கும்போது ஸ்டுடியோவில் நாட்டின் பெயரைச் சொல்லுங்கள். ஷெங்கனுக்கு 35×45 மி.மீ., அமெரிக்காவுக்கு 51×51. "விசா சைஸ்" என்று மட்டும் சொன்னால் அவருக்குத் தோன்றியதை எடுப்பார்.

விசா வரும் முன் பணம் திரும்பாத விமான டிக்கெட் வாங்காதீர்கள். விண்ணப்பத்துக்கு முன்பதிவு விவரம் இருந்தால் போதும்.

மாநாடு கென்யா போன்ற ஆப்பிரிக்க நாட்டில் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும், நம் பக்கத்திலேயே சென்னைத் துறைமுக சுகாதார அமைப்பிலும் போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும்.

8. கிளம்பும் வாரம்

மானியம் அரசுப் பணம் என்றால் டிக்கெட்டைக் கண்ட தளத்தில் எடுக்காதீர்கள். பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி இந்த மூன்றில் ஒன்றில்தான் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். மானியம் ஒதுக்கியதாக வரும் ஒப்பளிப்புக் கடிதத்தை வரி விடாமல் படியுங்கள்.

வெளிநாட்டுப் பணம் நோட்டாக 3,000 டாலர் வரை எடுத்துப் போகலாம், அவ்வளவு தேவைப்படாது. கொஞ்சம் நோட்டு, மிச்சம் ஃபாரெக்ஸ் கார்டு. தெருமுனையில் ரசீது இல்லாமல் மாற்றித் தருபவர்களிடம் போகாதீர்கள், அந்த ரசீதைத்தான் நாளைக்கு மானியக் கணக்கில் கேட்பார்கள்.

விமான நிலையத்துக்கு விம்கோ நகரிலிருந்து நேர் மெட்ரோ இருக்கிறது, வண்ணாரப்பேட்டை, மண்ணடி வழியாக. வெளிநாட்டு விமானங்கள் பல நடு இரவில் கிளம்புபவை. கடைசி ரயிலை நம்பாமல் ஒன்பது மணிக்குள் ஏறிவிட்டால், கன்டெய்னர் லாரி வரிசையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் டாக்சிக்குள் உட்கார்ந்து வியர்க்க வேண்டாம்.

9. அரங்கில்

பதினைந்து நிமிடம் தருவார்கள், ஐந்து நிமிடம் கேள்வி. பத்து ஸ்லைடுக்கு மேல் வேண்டாம். தரவில் தமிழ் வாக்கியம் இருந்தால் அங்கிருக்கும் கணினியில் அது கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். பிடிஎஃப்பாக மாற்றி பென்டிரைவிலும் மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழை மூல வடிவிலேயே காட்டி, கீழே பொருள் கொடுங்கள். உச்சரிப்பை மாற்றிப் பேச முயல வேண்டாம், வேகத்தை மட்டும் குறையுங்கள். கிளியரிங், சிஎஃப்எஸ் (சரக்குப் பெட்டக நிலையம்), லைனர் போன்ற சொற்கள் அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியாது. முதல் ஸ்லைடிலேயே ஒரு பெட்டி கப்பலிலிருந்து கிடங்கு வரை போகும் வழியைப் படமாகப் போட்டுவிடுங்கள்.

10. திரும்பிய பின்

போர்டிங் பாஸ்களைக் கிழித்துப் போடாதீர்கள். போகும்போதும் வரும்போதும், இடையில் மாறிய விமானத்துக்கும் சேர்த்து வேண்டும். செல்பேசியில் மட்டும் இருந்தால் அன்றே படமெடுத்து அச்செடுங்கள். அத்துடன் பதிவு ரசீது, பங்கேற்புச் சான்றிதழ், காப்பீட்டு ரசீது, விசாக் கட்டண ரசீது, பணம் மாற்றிய ரசீது, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திய பக்கங்களின் நகல். பங்கேற்புச் சான்றிதழை ஊர் திரும்பியதும் சரிபாருங்கள், அதில் பெயர் தவறியிருந்தால் முதல் வாரத்தில் கேட்டால்தான் மாற்றித் தருவார்கள். செலவுக் கணக்கு, பயன்பாட்டுச் சான்றிதழ், சுருக்க அறிக்கை மூன்றையும் ஒப்பளிப்புக் கடிதத்தில் சொன்ன கெடுவுக்குள், கல்லூரி முதல்வர் வழியாகவே அனுப்ப வேண்டும். செமஸ்டர் தேர்வு நேரத்தில் முதல்வர் கையெழுத்து கிடைப்பது கடினம், ஆகவே திரும்பி வரும் தேதி தேர்வு வாரத்தில் விழுந்தால் படிவங்களைப் போகும் முன்பே தட்டச்சு செய்து, தொகை எழுதும் இடத்தை மட்டும் விட்டு வையுங்கள்.